குதிக்க மறுக்கும் வீரன்

பழைய வீடியோ கேம் கண்ட்ரோலரை வீட்டிலேயே பழுது பார்ப்போம்

திரை ஒளிர்கிறது, இசை ஒலிக்கிறது, ஆட்டத்தின் வீரன் நடக்கவும் செய்கிறான். பள்ளம் வரும்போது மட்டும் குதிக்க மறுக்கிறான். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. மூன்று உயிர்களும் முதல் பள்ளத்திலேயே முடிந்துவிடுகின்றன. பரணிலிருந்து பழைய 'டிவி கேம்' பெட்டியை இறக்கிப் பார்க்கும் பல இல்லங்களில் விடுமுறை உற்சாகம் இந்த இடத்தில்தான் அடங்கிப்போகிறது. "பழையதுதானே, போட்டுவிடலாம்" என்ற தீர்ப்பும் உடனே வந்துவிடும்.

அந்தத் தீர்ப்பை எழுதுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிப் பாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். இந்தப் பெட்டிகளின் கண்ட்ரோலர்கள் செயலிழக்கும்போது பழுது பெரும்பாலும் மின்னணுப் பகுதியில் இருப்பதில்லை. அழுக்கு, தேய்ந்த ரப்பர், உள்ளே அறுந்த ஒயர் ஆகிய மூன்றில் ஒன்றாகவே அது இருக்கும். மூன்றுமே வீட்டு மேசையில் வைத்துச் சரிசெய்யக் கூடியவை.

1990-களில் தில்லியின் பாலிகா பஜார், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் எத்தனையோ பெயர்களில் இந்தப் பெட்டிகள் விற்பனையாயின. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றே. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற கருவியின் அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்ட நகல்கள் அவை. கண்ட்ரோலரின் இடப்பக்கம் உள்ள சிலுவை வடிவப் பொத்தானும் அதே நிறுவனத்தின் வடிவமைப்பாளர் குன்பெய் யொகோய் 1982-இல் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவிக்காக உருவாக்கியதுதான். கையில் பிடித்து ஆடும் இந்தப் பொத்தான் பெட்டியை ஜாய்ஸ்டிக் என்றும் ரிமோட் என்றும் அந்நாளில் அழைத்தோம். இக்கட்டுரையில் கண்ட்ரோலர் என்றே குறிப்பிடுவோம்.

எட்டுப் பொத்தான்கள், ஐந்து ஒயர்கள்

கண்ட்ரோலரைத் திறப்பதற்கு முன் அது எவ்வாறு பேசுகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. பழுது எங்கே இருக்கிறது என்பதைத் திருப்புளியைத் தொடாமலேயே ஓரளவு ஊகிக்க இந்த அறிவு உதவும்.

நிண்டெண்டோ முறைக் கண்ட்ரோலரில் அடிப்படைப் பொத்தான்கள் எட்டு: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். பொத்தானுக்கு ஓர் ஒயர் என்று வைத்தால் கேபிள் தடித்துவிடும். எனவே 4021 என்ற எண்ணுள்ள ஒரு சிறிய சிப்பைப் பொருத்தி, ஐந்தே ஒயர்களில் வேலையை முடித்தார்கள். ஒன்று 5 வோல்ட் மின்சாரம் தருவது, இன்னொன்று கிரவுண்டு. மீதமுள்ள மூன்றில்தான் உரையாடல் நடக்கிறது. ஓர் ஒயர் வழியாகப் பெட்டி, "இந்தக் கணத்தில் எந்தெந்தப் பொத்தான்கள் அழுத்தப்பட்டுள்ளன என்று குறித்துக்கொள்" என ஆணையிடுகிறது. இரண்டாவது ஒயரில் "அடுத்தது, அடுத்தது" என்று துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பொத்தான் வீதம், எட்டின் நிலையையும் வரிசை மாறாமல் மூன்றாவது ஒயரில் சிப் ஒப்பிக்கிறது. தொலைக்காட்சியின் வகையைப் பொறுத்து நொடிக்கு 50 அல்லது 60 முறை இந்த விசாரணை நடந்தேறுகிறது.

வங்கியில் ஒரே கவுண்டருக்கு முன் எட்டு வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பதாகக் கொள்வோம். கவுண்டர் மூடியிருந்தால் எட்டுப் பேருக்குமே சேவை இல்லை. ஏழு பேர் பணி முடிந்து செல்ல, ஒருவர் மட்டும் திருப்பி அனுப்பப்பட்டால் குறை கவுண்டரில் இல்லை. அவர் கையிலுள்ள படிவத்தில் இருக்கிறது. கண்ட்ரோலரும் அப்படியே. எல்லாப் பொத்தான்களும் ஒரே ஒயர் வழியாகவே பேசுவதால், கேபிளில் அறுவு ஏற்பட்டால் ஒரு பொத்தான் மட்டும் பழுதாக வழியில்லை. ஒரேயொரு பொத்தான் முரண்டு பிடித்தால் கேபிளைச் சந்தேகிக்காமல் அந்தப் பொத்தானின் அடியில் பார்க்க வேண்டும். எட்டும் ஒருசேர மௌனமானால் முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும்.

இது எல்லாப் பழைய கண்ட்ரோலர்களுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1977-இல் அமெரிக்காவில் வந்த அட்டாரி கருவியின் ஜாய்ஸ்டிக்கில் சிப் கிடையாது. ஒவ்வொரு திசைக்கும் தனி ஒயர். அங்கே இடப்பக்கம் மட்டும் நகரவில்லை என்றால் கேபிளும் குற்றவாளியாக இருக்கக்கூடும்.

குற்றவாளி வேறிடத்திலும் இருக்கலாம்

பழுது கண்ட்ரோலரில்தானா என்பதை உறுதி செய்த பிறகே திருகுகளைத் தொட வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய கண்ட்ரோலராக இருந்தால், முதல் ஆட்டக்காரருக்கு உரியதை இரண்டாவது துளையிலும், இரண்டாவதை முதல் துளையிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். பழுது கண்ட்ரோலரோடு இடம்பெயர்ந்தால் அது கண்ட்ரோலரின் பழுது; துளையிலேயே தங்கிவிட்டால் பெட்டியின் பழுது. சில பெட்டிகளில் இரண்டாம் ஆட்டக்காரரின் கண்ட்ரோலருக்கு ஸ்டார்ட் பொத்தானே வைக்கப்படவில்லை. அதைப் பழுதெனக் கொள்ள வேண்டாம்.

இந்தச் சோதனைக்காக வேறொரு பெட்டியின் கண்ட்ரோலரை இரவல் வாங்கிச் செருகுவது மட்டும் கூடாது. நம் ஊரில் விற்ற நகல்களில் பலவும் ஒன்பது ஊசிச் செருகி கொண்டவை. சேகா நிறுவனத்தின் கண்ட்ரோலர்களுக்கும் பார்வைக்கு அதே வடிவச் செருகிதான். ஆனால் உள்ளே ஒயர் வரிசை வேறு. துளையில் பொருந்துகிறது என்பதற்காக மின்சாரத்தை இடம் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது.

விளையாட்டுத் துப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாத்து சுடும் ஆட்டத்துக்கான அந்தத் துப்பாக்கி, படக்குழாய்த் தொலைக்காட்சி திரையில் ஒளியைத் தீட்டும் கணக்கை நம்பிச் செயல்படுவது. இன்றைய தட்டைத் திரைகளின் முன் அது எத்தனை நல்ல நிலையில் இருந்தாலும் சுடாது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்று எண்ணிப் பிரித்து, திரும்பச் சேர்க்க முடியாமல் போனவை எத்தனையோ!

அதற்காகப் பரணிலுள்ள பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியைத் திறந்து சரிபார்க்க எவரும் முற்பட வேண்டாம். கண்ட்ரோலரில் ஓடுவது 5 வோல்ட். குழந்தையின் விரல் பட்டாலும் ஆபத்தில்லை. படக்குழாயிலோ, மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும். அந்தப் பெட்டியைத் திறப்பது தொழில் தெரிந்தவரின் வேலை.

ஒரு கண்ட்ரோலர், இரண்டு பழுதுகள்

செகந்திராபாத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரின் கண்ட்ரோலரைப் பழுது பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. 1990-களின் நடுவில் தம் இரு மகன்களுக்காக அவர் வாங்கியது. அதன் பின்புறத்தில் காம்பஸ் முனையால் கீறிய இரண்டு எழுத்துகள் இருந்தன. இளைய மகனின் பெயரும் தலைப்பெழுத்தும். அந்த மகன் இன்று இல்லை. மூத்தவர் வெளிநாட்டிலிருந்து தம் பிள்ளைகளோடு வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சந்தையில் புதியதாகவே ஒன்று கிடைக்குமே என்று எடுத்துச் சொன்னோம். "புதுசு வேணாம் தம்பி, இதுவே ஓடணும்" என்றார்.

ஆகவே சில வழிகள் தொடக்கத்திலேயே அடைபட்டன. மேலுறையை மாற்ற முடியாது. தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் எதுவும் அருகில் வரக் கூடாது; ஏ.பி.எஸ். வகைப் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும், கீறிய எழுத்துகளும் அதனுடன் போய்விடும். மஞ்சளேறிய பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கும் முறை ஒன்று ஆர்வலர்களிடையே உண்டு. அதையும் தவிர்த்தோம். பொதுவாகவே அது வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. வெளுத்த பிளாஸ்டிக் நாளடைவில் மீண்டும் மஞ்சளாவதுண்டு.

அறிகுறிகளைக் கவனித்தோம். கேபிளை, அது கண்ட்ரோலருக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில் வளைத்தால் எட்டுப் பொத்தான்களும் ஒன்றாக அடங்கின. நிமிர்த்திப் பிடித்தால் ஏழு பிழைத்தன. குதிப்பதற்கான ஏ மட்டும் எழவில்லை. ஆக, பழுது ஒன்றல்ல, இரண்டு. கேபிளில் ஒன்று, ஏ பொத்தானின் அடியில் இன்னொன்று. இரண்டையும் கலந்து குழப்பிக்கொண்டால் எதற்கும் விடை கிடைக்காது என்பதால் கேபிளை முதலில் எடுத்துக்கொண்டோம்.

கண்ட்ரோலரைக் கவிழ்த்து வைத்தே திருகுகளைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பொத்தான்கள் சிதறி ஓடும். திறந்தவுடன் எதையும் அசைக்காமல் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது பெரும் உதவி. நகல் கண்ட்ரோலர்களில் எந்த நிற ஒயர் எந்த வேலைக்கு என்பதற்குப் பொது விதி கிடையாது. அந்தப் படம்தான் நமக்கு வழிகாட்டி. சிப்பைத் தேடினால் கண்ணில் படாது. பச்சை அல்லது பழுப்பு நிற மின்சுற்றுப் பலகையின் நடுவில் கறுப்புப் பிசின் துளி ஒன்று உறைந்திருக்கும்; அதனடியில் அது உறங்குகிறது.

மல்டிமீட்டரின் ஒரு முனையைச் செருகியின் ஊசியிலும், மறு முனையைப் பலகையில் அதே ஒயர் சேரும் இடத்திலும் வைத்துக் கேபிளை மெல்ல வளைத்தோம். ஐந்தில் ஒன்று வளையும்போதெல்லாம் துண்டானது. உறை முழுதாக இருந்தும், உள்ளே செம்பு இழைகள் கழுத்தருகே அறுந்திருந்தன. ஆட்டத்தின் வேகத்தில் கண்ட்ரோலரை இழுத்து இழுத்து ஆடிய கைகளின் வேலை அது. அறுந்த இடத்தைத் தாண்டி 4 சென்டிமீட்டர் அளவு கேபிளை வெட்டி நீக்கி, புதிய முனைகளைச் சீவி, ஒவ்வோர் ஒயராகப் பழைய இடத்தில் சால்டரிங் செய்தோம். ஒன்றைக் கழற்றி அதையே பொருத்திய பின் அடுத்ததைத் தொடுவது பாதுகாப்பு. கேபிள் சற்றுக் குட்டையானதை யாரும் கவனிக்கப் போவதில்லை. மேலுறைக்குள் சிறு தூண்களைச் சுற்றி கேபிள் வளைந்து செல்லுமாறு அமைத்திருப்பார்கள். அதே வளைவை மறவாமல் மீண்டும் கொடுக்க வேண்டும். இழுவிசையை அந்தத் தூண்கள் தாங்காவிட்டால் நம் பற்றவைப்பே தாங்க நேரும், நெடுநாள் நிற்காது.

சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் அருகிலுள்ள தொலைக்காட்சி பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்கலாம். "கண்ட்ரோலர் வேலை செய்யவில்லை" என்று கொடுப்பதைவிட, "இந்த ஒயர் இந்த இடத்தில் அறுந்திருக்கிறது" என்று சுட்டிக் கொடுத்தால் நேரமும் கூலியும் குறையும். வீட்டிலேயே செய்பவர்கள் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய சால்டரில் ஈயம் உண்டு என்பதால் வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவுவது அவசியம்.

இனி ஏ பொத்தான். ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஒரு ரப்பர்க் குமிழ். குமிழின் உட்புறத்தில் கார்பன் கலந்த ஒரு கறுப்பு வில்லை. பலகையில், இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து தொடாமல் நிற்பதுபோல் இரு தடங்கள். அழுத்தும்போது வில்லை இரண்டையும் இணைக்கிறது. விட்டால் குமிழ் அதைத் தூக்கிவிடுகிறது. கைவியர்வை, எண்ணெய்ப் பலகாரம் தொட்ட விரல், முப்பதாண்டுத் தூசி எல்லாம் இந்த இடைவெளியில்தான் படிகின்றன.

இங்கே ஓர் உத்தி பயன்பட்டது. செலக்ட் பொத்தான் ஆட்டத்தில் அரிதாகவே அழுத்தப்படுவது; அதனால் அதன் வில்லை ஏறக்குறையப் புதிது. அதை அழுத்தி அளந்தால் சில நூறு ஓம் காட்டியது. ஏ பொத்தானிலோ 40,000-க்கு மேல். ஒரே கண்ட்ரோலருக்குள்ளேயே நலமான அளவும் நோயுற்ற அளவும் கிடைத்துவிட்டன, கையேடு தேவைப்படவில்லை.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தடங்களை மென்மையாகத் துடைத்தோம். அழுத்தித் தேய்த்தால் தடத்தின் மீதுள்ள கார்பன் பூச்சே உரிந்துவிடும். கொரோனாக் காலத்தில் வாங்கி மீந்த சானிடைசர் இதற்கு உதவாது; அதில் கலந்துள்ள கிளிசரின் போன்றவை படிந்துவிடும். வில்லையை வெள்ளைத் தாளின் மீது கவிழ்த்து மெல்ல இழுத்தோம். பளபளப்பான அழுக்குப் படலம் தாளில் கறுப்புக் கோடாக இறங்கியது. உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர்கள் உண்டு. அது வில்லையையே தின்றுவிடும்.

மீண்டும் அளந்ததில் 9,000 ஓம். முன்னேற்றம்தான், ஆனால் போதவில்லை. வீரன் மூன்றுக்கு இருமுறை குதித்தான்.

கடைத்தெருப் பழுதுபார்ப்பவர்களிடம் இதற்கொரு கைவைத்தியம் உண்டு. சிகரெட் அட்டைக்குள் வரும் வெள்ளித்தாளைச் சிறு வட்டமாக வெட்டி வில்லையின் மீது ஒட்டிவிடுவார்கள். தொலைக்காட்சி ரிமோட்டுகளுக்கு இன்றும் செய்வதுதான். அந்த நேரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உலோகத் தாள் கடினமானது, தடத்தின் கார்பனைச் சுரண்டும். பென்சில் முனையால் வில்லையைக் கறுப்பாக்குவதும் சில நாள் தாங்கும் உபாயமே. மின்கடத்தும் பூச்சு விற்பனைக்கு உண்டு, விலை அதிகம்.

நாங்கள் தேர்ந்தது வேறு. கெட்டுப்போன ஒரு பழைய ரிமோட்டின் ரப்பரிலிருந்து கார்பன் வில்லை ஒன்றை பிளேடால் சீவி எடுத்தோம். ஒலி கூட்டும் பொத்தானின் வில்லை தேய்ந்திருக்கும் என்பதால், யாரும் தொடாத டெலிடெக்ஸ்ட் பொத்தானின் அடியிலிருந்து எடுத்தோம். அதைப் பழைய வில்லையின் மேல் சிலிகோன் பசையால் ஒட்டினோம். உடனடியாக ஒட்டும் சூப்பர் பசைகள் சிலிகோன் ரப்பரில் சரியாகப் பிடிப்பதில்லை. உறைந்ததும் விறைத்தும் போகும். சாதாரண சிலிகோன் பசை காயும்போது வினிகர் வாடை வரும். அது செம்பை அரிக்கும் அமிலம். ஆகவே ரப்பரைப் பலகையோடு சேர்க்காமல் ஒரு நாள் முழுதும் தனியே காயவிட வேண்டும்.

மறுநாள் அளந்தபோது ஏ பொத்தானும் செலக்டும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டின. மேலுறையையும் பொத்தான்களையும் சோப்பு நீரில் கழுவி, விளிம்பு இடுக்குகளைப் பல்குச்சியால் நீக்கி, ஈரம் முற்றிலும் போனபின் பூட்டினோம். திருகை முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றினால், பழைய மரையில் 'டக்' என்று விழும். அதன்பிறகே முறுக்க வேண்டும். இல்லாவிடில் திருகு புதிய மரை வெட்டிப் பிளாஸ்டிக்கைத் தளர்த்திவிடும். கீறிய எழுத்துகளின் பள்ளத்தில் படிந்திருந்த அழுக்கை மட்டும் நாங்கள் எடுக்கவில்லை. அந்த அழுக்கினால்தான் அவை படிக்கும்படி தெரிந்தன. செலவுக் கணக்கு: ஆல்கஹாலும் பசையும் சேர்த்துச் சில நூறு ரூபாய், இரண்டிலும் பெரும்பகுதி இன்னும் மீதமிருக்கிறது.

சிப்பே போய்விட்டால்?

ஒயரும் நலம், வில்லைகளும் நலம், ஆனாலும் எட்டுப் பொத்தான்களும் எழவில்லை என்றால் கறுப்புத் துளிக்கு அடியிலுள்ள சிப்பைச் சந்தேகிக்கலாம். பிசினைப் பிளந்து அதை மாற்ற முடியாது. ஆயினும் கதை முடியவில்லை. அசலில் நிண்டெண்டோ பயன்படுத்திய 4021 அந்த நிறுவனத்தின் தனிச்சொத்து அல்ல. எவரும் வாங்கக்கூடிய பொதுவகைச் சிப். இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. மின்னணு உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பெறலாம். பழைய துளிக்குச் செல்லும் தடங்களைத் துண்டித்து, இந்தச் சிப்பைச் சில மின்தடைகளோடு உள்ளே பொருத்திக் கண்ட்ரோலரை உயிர்ப்பிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பொறியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்ற வேலை.

இன்றைய கம்பியில்லாக் கண்ட்ரோலர்களில் இந்த எளிமை கிடையாது. குச்சியைத் தொடாமலே வீரன் ஒருபக்கமாக நகர்ந்துகொண்டிருப்பதைப் பிள்ளைகள் 'ட்ரிஃப்ட்' என்று முறையிடுவதைக் கேட்டிருப்பீர்கள். குச்சிக்கு அடியிலுள்ள நுண்ணிய மின்தடைப் பட்டைகளின் தேய்மானமே பெரும்பாலும் அதற்குக் காரணம். அதை மாற்ற ஒரே இடத்தில் பல பற்றவைப்புகளை எடுக்க வேண்டும். லித்தியம் மின்கலமும் உள்ளே இருப்பதால் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. உதிரிபாகங்கள், சேவை மையங்கள், உத்தரவாதம் பற்றிய விவரங்களை நுகர்வோர் ஒரே இடத்தில் பெறுவதற்கென நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பர் 24 அன்று 'பழுதுபார்க்கும் உரிமை' இணையவாயிலைத் தொடங்கியது. புதிய கருவியின் உத்தரவாதக் காலம் முடியவில்லையெனில் திருப்புளியை எடுக்குமுன் அதைப் பார்ப்பது நலம்.

எதுவும் பலிக்காத கண்ட்ரோலர்களும் உண்டு. அவற்றைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின் பட்டியலில் வீடியோ கேம்களும் இடம்பெறுகின்றன. முறையான சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும் முன் ரப்பர்க் குமிழ்கள், திருகுகள், நல்ல நிலையிலுள்ள கேபிள் ஆகியவற்றைக் கழற்றி ஒரு பழைய டப்பாவில் போட்டு, எந்தப் பெட்டியினுடையவை என்று எழுதி ஒட்டி வையுங்கள். இரண்டாம் ஆட்டக்காரரின் கண்ட்ரோலருக்கு அவை தேவைப்படும்.